செல்வி வீட்டு ஹாலில் இரண்டு அலுவலகங்கள்

1

எல்லோரும் மறுபடியும் ஆபீஸுக்கு வந்து வேலை செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் கம்பெனியில் ஒரு விவாதக் கூட்டம் போட்டார்கள். கொரோனா போய் இத்தனை காலம் கழித்தா என்று நீங்கள் கேட்கலாம். நான் குடியிருக்கும் ஜெர்மனியில் எதையும் ஆற அமரத்தான் செய்வார்கள். ஒரு தெருவுக்குத் தார் போடுவதற்கு முன்னால் அந்தத் தெருவைப் பற்றி நாலு கூட்டம் நடக்கும். எங்களைக் கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்றே நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

மேலாளர் பிராண்ட் எழுந்து, வாரத்தில் மூன்று நாளாவது எல்லோரும் வந்தால் நன்றாக இருக்கும் என்று தன் ஆசையைச் சொன்னார். பிறகு மற்றவர்கள் கருத்தைக் கேட்டார். நான் கை தூக்கினேன். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்தில் நானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை. ரயில் ஒழுங்காக வருவதில்லை என்றேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் போனில் பேசுவது முழுக்க என் காதில் விழுகிறது என்றேன். வீட்டில் இருந்தபோதுதான் வேலை குறித்த நேரத்தில் முடிந்தது என்றேன். ஜெர்மன் மொழியில் தடுமாறாமல் பேசினேன். சிலர் மேஜையைத் தட்டினார்கள். இங்கே கை தட்டுவதற்குப் பதில் மேஜையைத் தட்டுவார்கள்.

சொல்லாத காரணங்களும் இருந்தன. ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் பேசும் வட்டார ஜெர்மன் எனக்கு இன்னும் பாதிதான் புரியும். எல்லோரும் சிரித்து முடித்தபின் நான் சிரிப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் கிளம்பும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் "போயிட்டு வாரேன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனேன். நான் எதற்கோ வெளியே போயிருக்கிறேன், திரும்பி வருவேன் என்று ஒருவர் எனக்காகக் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் இந்த வம்பெல்லாம் இல்லை.

ஆனால் உண்மையான காரணம் என் தங்கை செல்வி. மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளையும் கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அங்கே வீட்டில், நான் இங்கே வீட்டில். அவளுக்கு மதியமாகும்போது எனக்குக் காலை. வாட்ஸப்பில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிடுவாள். பேச வேண்டும் என்றில்லை. அவள் அவள் வேலையைப் பார்ப்பாள், நான் என் வேலையைப் பார்ப்பேன். குக்கர் விசில் கேட்கும். உசிலம்பட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மைக் கட்டிய வண்டியில் மீன்காரர் அயிரை, கெண்டை என்று சொல்லிக்கொண்டு போவார். அவள் மாமியார் கோழிகளைத் திட்டுவார். ஜெர்மன் இயந்திரங்களுக்கு நிரல் எழுதிக்கொண்டே நான் பாதி நாள் செக்கானூரணியில் குடியிருந்தேன்.

என் மனைவி மேகலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொரோனாவில் ஒரு நாள்கூட வீட்டிலிருந்து வேலை பார்க்காதவள். "ஒங்களுக்கென்ன, கைலிக்கு மேல சட்டையப் போட்டா ஆபீஸு" என்பாள்.

2

ஆகஸ்டில் ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் லீவு, இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை என்று கேட்டிருந்தேன். அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலை பார்க்கும் அறையில் ஜன்னல் உண்டா, நாற்காலியின் முதுகு நிமிருமா, இடத்தின் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். செல்வி தன் வீட்டு ஹாலைப் படம் எடுத்து அனுப்பினாள். மேஜைக்கு மேலே சுவரில் எங்கள் அப்பா அம்மா படம், மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. அந்த மின்சாதனம் பரிசோதிக்கப்பட்டதா என்று அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. அது இறந்துபோன என் பெற்றோரின் படம் என்று எழுதினேன். தங்கள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடியும் அந்தப் பல்பு பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். செல்வியின் வீட்டுக்காரர் முத்துவேல், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், அதைக் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டு, "பாத்தாச்சுன்னு எழுதுங்க மச்சான்" என்றார். எழுதினேன். அனுமதி வந்தது.

அப்பா அம்மா படம் செல்வி வீட்டில் இருப்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது. படத்தை ஜெர்மனிக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று இனி ஒரு கட்டடம் கிடையாது. நான்தான் பிறந்த வீடு.

மேகலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் யாழினியை மட்டும் கூட்டிப் போனேன். பதினாறு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது வினைச்சொல்லைத் தேடி ஒரு நிமிடம் நிற்பாள், பிறகு ஜெர்மனில் முடித்துவிடுவாள்.

3

ஸ்பீக்கரில் கேட்கிற வீடு வேறு, உள்ளே உட்கார்ந்திருக்கிற வீடு வேறு என்பது எனக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது.

ஹாலில் ஒரே சாப்பாட்டு மேஜை. ஒரு முனையில் செல்வியின் லேப்டாப், மறுமுனையில் என்னுடையது. வாசல் கதவு காலையில் திறந்தால் ராத்திரிதான் அடைக்கப்படும். பால்காரர், கேஸ் சிலிண்டர், முருங்கைக்காய் கொடுக்க வருகிற பக்கத்து வீட்டுப் பெண், எல்லோரும் நேராக ஹாலுக்குத்தான் வருவார்கள். வந்தவர்களை வாங்க என்று கேட்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவள் மருமகள். காதில் ஹெட்போனோடு செல்வி எழுந்து, தலையாட்டி, காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவாள். உட்கார்ந்த கையோடு மகன் கவின் ஹோம்வொர்க் நோட்டை நீட்டுவான்.

ஒரு நாள் முத்துவேலின் ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தது. செல்வி அப்போது மும்பைக்காரர்கள் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். பத்திரிகையை உட்கார்ந்த வாக்கில் வாங்கக் கூடாது. தட்டோடு நீட்டுவார்கள், நின்று இரண்டு கையாலும் வாங்கி, குங்குமம் எடுத்துக்கொள்ள வேண்டும். செல்வி மும்பைக்காரர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாங்கினாள். சித்தி அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, "குடும்பத்தோட மொத நாளே வந்துரணும்" என்று கன்னத்தைத் தடவினார். அத்தனையும் மும்பையில் தெரிந்தது. பிறகு காபி. திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார். செல்வி மறுபடியும் வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் இன்னொரு குடும்பம், இன்னொரு பத்திரிகை. இந்தத் தடவை மீட்டிங்கில் இருந்தது நான். செல்வியின் மாமியார் பாண்டியம்மாள் அத்தை ஓடிப் போய் வாசலிலேயே அவர்களை மறித்தார். "தம்பி ஆபீஸ்ல இருக்காரு. செத்த நேரம் வேப்ப மரத்தடியில உக்காருங்க" என்றார். டிவியை அணைத்தார். கவினை அதட்டினார். மிக்சி ஓடவில்லை. வெயிலில் வந்த ஆறு பேர் மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி அவர்களுக்கு மோர் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளும் அப்போது வேலை நேரத்தில்தான் இருந்தாள்.

அத்தையைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். கவினைப் பிறந்ததிலிருந்து வளர்த்தது அவர்தான். மருமகளுக்கு என்று தனியாக மீன் தலையை எடுத்து வைப்பார். ஒரே மேஜையில் இரண்டு பேர் ஒரே மாதிரித் தட்டிக்கொண்டிருந்தாலும், அவர் கண்ணுக்கு நான் ஆபீஸில் இருந்தேன், செல்வி வீட்டில் இருந்தாள்.

4

அந்த வார வெள்ளிக்கிழமை செல்வி தன் லேப்டாப்பை மாற்றிக்கொள்ள ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். செக்கானூரணியில் டவுன் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு இன்னொரு பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் நாகமலை தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். பார்த்தால் முகம் தெளிவாக இருந்தது.

ஆபீஸ் வாசலில் காவலாளி எழுந்து நின்று, "வாங்க மேடம், ஆளவே காணோம்" என்றார். உள்ளே போனவள் வர நேரமாயிற்று. வந்தபோது கண் கலங்கியிருந்தது. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

ஆபீஸில் எல்லோரையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள். செல்வியின் குழுவுக்குப் புதிய டீம் லீட் வேண்டும். அது செல்விக்குத்தான் என்று வாய்ப்பேச்சாக முடிவாகியிருந்தது. ஆனால் டீம் லீட் தினமும் ஆபீஸ் வர வேண்டும். வீட்டிலேயே இருக்க அனுமதி வாங்கியவர்கள் பட்டியலில் அவள் பேர் ஏறிவிட்டது. அவள் கேட்கவில்லை. அவளுக்காக அத்தை கேட்டிருக்கிறார்.

"போன மாசம் கார்த்தி சாரோட வீடியோ கால்ல இருந்தேண்ணே" என்றாள். கார்த்தி அவளுடைய மேனேஜர். "பால் பொங்குச்சு, எந்திரிச்சுப் போனேன். அதுக்குள்ள அத்தை வந்து என் சேர்ல உக்காந்துட்டாங்க. தெரையில ஆள் தெரியுதுல்ல, வாங்கன்னு கேக்காம இருக்க முடியுமா அவுங்களால. வாங்க தம்பி, சாப்ட்டீகளான்னு ஆரம்பிச்சிருக்காங்க. அவரும் நல்லா இருக்கீங்களாம்மான்னு கேட்டிருக்காரு. அவருக்குத் திண்டுக்கல் பக்கம்தான். பேசிப் பேசி, நீங்க எங்க பிள்ளை மாதிரி தம்பி, எங்க மருமகள ஆபீஸுக்குக் கூப்புடாதீக, இங்கேயே இருந்து பாக்கட்டும்னு கேட்டுட்டாங்க. பெரியவுங்க வாய் விட்டுக் கேட்டா அவரு என்ன செய்வாரு. சரிம்மான்னுட்டாரு. சொன்ன சொல்லையும் காப்பாத்திட்டாரு. நல்ல மனுசன், அதான் பெரச்சனையே."

"நீ நேரா அவர்ட்ட சொல்லிர வேண்டியதான?"

"எப்படிச் சொல்லுவேன்? எங்க அத்தை சொன்னத எடுத்துக்காதீங்கன்னா? வெளியாளு முன்னாடி அவுங்களக் கீழ எறக்குன மாதிரி ஆயிரும்ணே. அதுக்கப்பறம் நான் அந்த வீட்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்குறது? இந்த மாசக் கடைசில லீட் யாருன்னு சொல்லிருவாங்க."

நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்டுட்கார்ட் கூட்டத்தில் பேசிய வாதங்களை அங்கே டீக்கடையில் எடுத்து விட்டேன். அலைச்சல் மிச்சம், வேலை நன்றாக ஓடும், பிள்ளை பக்கத்தில் இருப்பான் என்று அடுக்கினேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒனக்குக் கதவு இருக்குண்ணே. சாத்திட்டு உக்காந்தா ஒன்னைய யாரு கேக்குறா? எனக்கு எங்க இருக்கு கதவு? நீ ஒரு வாரமாப் பாக்குறேல்ல. மோர் கொண்டுபோய்க் கொடுத்தது யாரு?"

நான் இன்னொரு டீ சொன்னேன்.

"பஸ்ல வாரப்ப ஒன்றரை மணி நேரம் என்னைய எவரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கண்டக்டர்கூடக் காசு கேக்க மாட்டாரு. அப்பறம் ஆபீஸ்ல உக்காந்தா, நான் சொல்றத நாலு பேர் கேப்பாங்க. எனக்கு அது வேணும்ணே. நான் அந்த வேலைய நல்லாச் செய்வேன்."

அவள் செய்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் என் வாயில் வந்தது வேறு. "அப்ப நம்ம போனு?" என்றேன். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி இருந்தது எனக்கே.

செல்வி ரோட்டைப் பார்த்தாள். "அது இருக்காதுண்ணே" என்றாள்.

5

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவளை நேராகக் கேட்க மாட்டார்கள். பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் அங்கேயே இருந்ததால் சொல்லி அனுப்பும் செலவு மிச்சம். சனிக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் முத்துவேல் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"மச்சான், போறதுக்கு முன்னாடி அவட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அம்மா அவ நல்லதுக்குத்தான் பேசுச்சு. அம்புட்டுத் தூரம் ரெண்டு பஸ் மாறி எதுக்கு அலையணும்? நீங்களே வீட்லருந்துதான பாக்குறீங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவா."

"பாப்போம் மாப்ள" என்றேன். பாப்போம் என்பது நம் ஊரில் எவ்வளவு வசதியான வார்த்தை. அதற்குள் ஆமாமும் உண்டு, இல்லையும் உண்டு, ஊருக்கு டிக்கெட் போட்டு ஓடிவிடுவதும் உண்டு.

மறுநாள் யாழினியைக் கூட்டிக்கொண்டு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. செல்வி சொல்லியிருக்கிறாள். என்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பா, ஆபீஸ் மீட்டிங்ல நீங்க நல்லாப் பேசினேன்னு அம்மாட்ட சொன்னீங்க" என்றாள்.

"ஆமா."

"அது ஜெர்மன்ல. இங்க எல்லாரும் தமிழ். இங்க ஏன் பேசல?"

அவளிடம் கோபப்பட்டேன். இதெல்லாம் உனக்குப் புரியாது, இங்கே ஒரு முறை இருக்கிறது என்றேன். சரி என்று தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கல் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கிடையாது. அவள் நம்மை விட்டு விலகிக்கொண்டே போகிறாள் என்று நான் அடிக்கடி நினைத்து வருந்துவதுண்டு. அன்றைக்கு அந்த வருத்தம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

6

திங்கட்கிழமை காலை செல்வி குளிக்கப் போயிருந்தாள். அத்தை அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கை வெங்காயம் எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, செல்விய ஆபீஸுக்கு அனுப்பி வைங்க" என்றேன். "அவ கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்குறேன். அவளுக்கு அங்க ஒரு பெரிய எடம் கெடைக்கப் போவுது. வீட்ல இருந்தா அது போயிரும்."

அத்தை நிமிரவில்லை. "அதான் மூஞ்சி அப்படி இருக்கா" என்றார். இன்னும் ரெண்டு வெங்காயம் உரித்தார்.

"சோறாக்க ஆள் வேணும்னு நான் அவள இருக்கச் சொன்னதா நெனைக்கிறீகளா தம்பி?"

"இல்லத்தை."

"நெனைப்பீக. யாரும் நெனைக்கத்தான் செய்வாக. மாமா போனதுக்கப்பறம் இந்த வீட்ல பகல்பூரா நான் ஒண்டியாக் கெடந்தேன். முத்து கடைக்குப் போயிருவான். இவ மாட்டுத்தாவணிக்கு. பய பள்ளிக்கொடத்துக்கு. நான் டிவிக்காரங்களோட பேசிக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்பறம் அந்தக் கொரோனா வந்துச்சு. ஊரே அழுதுச்சு. எனக்கு மட்டும் வீடு நெறஞ்சு போச்சு. வெளிய சொல்ல முடியுமா இத?" முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். "அவ என்னோட பேசக்கூட வேணாம் தம்பி. அந்தப் பொட்டியில டக்குடக்குன்னு தட்டிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும்."

நான் வருடக்கணக்காக எதற்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அதையேதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நானும் அப்படித்தான் அத்தை" என்றேன்.

"தெரியுமே" என்றார். "போன் வழியா நாள்பூரா இந்த வீட்டுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பீக. தம்பிக்குக் கேக்கட்டுமேன்னுதான் நான் கோழிய ரெண்டு வசவு கூடச் சேத்து வைவேன்."

ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அத்தை முறத்தைத் தள்ளி வைத்தார்.

"நீங்க அங்கன இருந்துக்கிட்டு அனுப்பி வைங்கன்னு சொல்றது சுளுவு. எனக்குத்தான பகல் கழியணும்" என்றார். அதில் தப்பு எதுவும் இல்லை. உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

செல்வி குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்ததும் அத்தை பின்னால் வந்து நின்றார். "அந்தத் தம்பியக் கூப்புடுத்தா" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் எதுவும் தெரியாத மாதிரி என் திரையைப் பார்த்தேன். கார்த்தி திரையில் வந்தார். அத்தை புடவையை இழுத்து விட்டுக்கொண்டு செல்வியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி, சாப்ட்டீகளா? பிள்ளைக நல்லா இருக்காகளா? நான் அன்னைக்கு ஒண்ணு கேட்டேன், நீங்களும் மரியாதை வச்சுச் சரின்னீக. அது என் சவுரியத்துக்குக் கேட்டது. அவளக் கேக்காமக் கேட்டுட்டேன். அத நீங்க மனசுல வச்சுக்க வேணாம். அவ வருவா. நான்தான் அனுப்புறேன்."

ஒரே மூச்சில் தன் சொல்லைத் தானே எடுத்துக்கொண்டு, மருமகளையும் தானே அனுப்பிவிட்டார். யாரும் யாரையும் கீழே இறக்க வேண்டியிருக்கவில்லை. நான் இத்தனை நாள் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்ததில் இவ்வளவு சுருக்கமாக ஒரு விவாதம் முடிந்து பார்த்ததில்லை. செல்வி அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. அன்று பகல்பூரா அத்தை கோழியையும் வையவில்லை, டிவியும் போடவில்லை.

7

மாதக் கடைசியில் செல்வி டீம் லீட் ஆனாள். அதற்குள் நான் ஸ்டுட்கார்ட் திரும்பியிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அவள் பஸ்ஸில் வருகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது என்றாள். காளவாசல் சத்தம் பின்னால் கேட்டது. "அண்ணே, வீட்டுக்குப் போயிட்டுக் கூப்புடவா? செத்த நேரம் சும்மா உக்காந்துக்கிறேன்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. சந்தோஷமாகத்தான் வைத்தேன்.

என் அறைக் கதவு சாத்தியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹெட்போனில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் அப்படி இருந்து பார்த்தேன். ஜெர்மன் வீடுகளில் ஜன்னலைச் சாத்தினால் தெருவில் போகும் லாரிச் சத்தம்கூட உள்ளே வராது. முன்பு அதைப் பெருமையாக ஊரில் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபரிலிருந்து வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்று பிராண்ட் அறிவித்தார். உடம்புக்கு முடியாதவர்கள், தகுந்த காரணம் உள்ளவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று சொன்னார். கூட்டத்தில் அவ்வளவு பேசியவன் நான், கட்டாயம் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார். நான் கேட்கவில்லை. மேகலாவுக்கே ஆச்சரியம். முதல் நாள் காலை என் சட்டையைத் தானே எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சாப்பாட்டுக் கூடம் அப்படியேதான் இருந்தது. அதே வட்டாரப் பேச்சு, அதே பாதிப் புரிதல். பிராண்ட் என் எதிரில் வந்து உட்கார்ந்து ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாண்டியம்மாள் அத்தை. அவர் தானாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கு என்னவோ என்று பயந்து, தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளி வராந்தாவுக்கு வந்தேன்.

"என்னத்தை, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் தம்பி. ஒண்ணுமில்ல. வேலையா இருந்தா நீங்க பாருங்க, பேச வேணாம். போன அப்படியே வச்சிருங்க. நான் பாட்டுக்கு இங்க கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து தட்டுகளின் சத்தமும் சிரிப்பும் வந்தது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"என்ன தம்பி, அங்கன ஒரே சத்தமா இருக்கு?"

"ஆபீஸ்ல இருக்கேன் அத்தை."

"நீங்களும் போயிட்டீகளா" என்றார்.